ஊறவைத்த தண்ணீர்

என் மகளுக்கு அனுப்பிய ஒவ்வொரு காய்ந்த பூப் பொட்டலத்திலும் ஒரு சீட்டு வைத்தேன். எனக்கு ஆறாம் வகுப்புப் படிப்புதான். ஆனால் எதையும் எண் போட்டு எழுத வேண்டும் என்று மலையடிவாரப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எங்களைப் பழக்கிவிட்டார். சீட்டில் நான்கு வரிகள் இருக்கும்.

ஒன்று, பூவை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவை.

இரண்டு, காம்பைக் கிள்ளிவிட்டு ஒவ்வொரு பூவிலும் ஒரு முடிச்சுப் போடு, கொதியில் பிரியாது.

மூன்று, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டாதே. விலா எலும்பு சூப்பில் அதையும் ஊற்று. மணம் அதில்தான் இருக்கிறது.

நான்கு, மூடி போட்டுச் சின்னத் தீயில் வை.

என் மகள் பெய்-சுன் முதல் சீட்டைத் தன் சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். அடுத்த வருடங்களில் வந்த சீட்டுகளையும் அதன் மேலேயே ஒட்டினாள். எல்லாவற்றிலும் அதே நான்கு வரிகள், அதே கையெழுத்து. மூன்றாவது வரியைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் எங்கள் மலையில் பூவை என்ன செய்வோம் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

எங்கள் மலையில் விளைவது தங்கஊசிப் பூ, ஊசி மாதிரி நீண்ட மொட்டு, அதை மலர விடக் கூடாது. மலர்ந்தால் படம் எடுக்க வருகிறவர்களுக்குத்தான் ஆகும், சூப்புக்கு ஆகாது. ஆகஸ்டு பிறந்ததும் விடிகிற நேரத்தில் இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு மொட்டு மொட்டாகக் கிள்ளுவோம். மொட்டைச் சும்மா வெயிலில் காயப்போட்டால் மூன்று நாளில் பழுப்பாகிவிடும், பழைய கயிற்றுத் துண்டு மாதிரி இருக்கும். அதனால் காயப்போடும் முன் பெரிய தொட்டியில் தண்ணீர் விட்டு, ஒரு வெள்ளைப் பொடியைக் கரைத்து, அதில் மொட்டுகளைப் போட்டு பிளாஸ்டிக் தாளால் மூடிவைப்போம். மறுநாள் எடுத்துக் காயப்போட்டால் வருடம் முழுக்க தங்க நிறம் மாறாது, பூச்சியும் அண்டாது. தொட்டியைத் திறக்கும்போது தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு நெடி மூக்கில் ஏறும். கண் எரியும். மற்றபடி எங்களுக்கு ஒன்றும் செய்ததில்லை.

என் அப்பா காலத்தில் இதே வேலையைக் கந்தகப் புகை செய்தது. பிறகு பொடி வந்தது. பொடிக்கு ஓர் அளவு உண்டு என்று தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். நாங்கள் கையால் அள்ளித்தான் போட்டோம்.

ஒரு வருடம் பொடி போடாமல் இரண்டு மூட்டை காயவைத்துப் பார்த்தேன். வாங்க வந்த வியாபாரி ஒரு பிடியை எடுத்து முகர்ந்து பார்த்தான்.

"சிங்-மு அண்ணே, இது பூவா புகையிலையா? சுருட்டிப் பத்த வெச்சுப் பாக்கட்டுமா?"

"பொடி போடலப்பா. சாப்பிட்டுப் பாரு, அப்ப தெரியும்."

"நான் சாப்பிடுறது கெடக்கட்டும். வாங்குறவங்க நாக்காலயா வாங்குறாங்க? கண்ணாலதானே வாங்குறாங்க."

அந்த இரண்டு மூட்டையும் அடுத்த வருடம் வரை எங்கள் வீட்டிலேயே கிடந்தது.

ஆனால் மலையில் எல்லா வீட்டிலும் ஒரு மூங்கில் தட்டு தனியாக இருக்கும். வீட்டுத் தட்டு என்போம். அதில் காய்வது தொட்டியைப் பார்க்காத பூ, எங்கள் அடுப்புக்கு மட்டும். அது பழுப்புதான், ஆனால் ஊறவைத்தால் தேநீர் நிறத்தில் தண்ணீர் இறங்கும். என் மனைவி ஷியூ-லுவான் அந்தத் தண்ணீரை ஒரு சொட்டுக்கூட வீணாக்கமாட்டாள். விற்கிற பூவை நாங்கள் சாப்பிட்டதில்லை. அதைத் தப்பு என்றும் நினைத்ததில்லை. கடைக்குப் போவது கடைக்கு, வீட்டுக்கு வருவது வீட்டுக்கு.

பூப் பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள், இதில் மருந்து ஏதாவது போடுகிறீர்களா என்று. அதற்கு எல்லா வீட்டிலும் ஒரே பதில். "நம்ம பூவுக்கா? வெயிலும் காத்தும்தான்." சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தபோது பக்கத்து நிலத்து ஹுவோ-து தன் வீட்டுத் தட்டைத் தூக்கிக் காட்டினான்.

"வெயிலும் காத்தும்தான் அம்மா. வேணும்னா ஒரு பாட்டில் வெயில் புடிச்சுத் தரேன், கொண்டுபோய்ப் பரிசோதனை பண்ணுங்க."

அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள். நாங்களும் சிரித்தோம். அந்தப் பதில் எங்கள் வாயில் அப்படிப் பழகியிருந்தது. பெரியவர் சின்னவர் யார் கேட்டாலும் யோசிக்காமல் வந்துவிடும்.

இனி பெய்-சுன்.

அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. நான்கு வயதிலிருந்து அவளுக்கு மூச்சு இழுத்தது. எப்போதும் இல்லை, பூப் பறிக்கும் மாதங்களில் மட்டும். தொட்டிக் கொட்டகைக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருப்பாள், திடீரென்று தோள்கள் ஏறி இறங்கும், நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி சத்தம் வரும். மலைப்பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். ஆகஸ்டில் ஏது அவ்வளவு பனி என்று நான் கேட்கவில்லை. ஏழு வயதில் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் தாய்ச்சுங் நகரத்தில் இருந்த என் அக்கா வீட்டில் விட்டேன். சமவெளிக் காற்று, பக்கத்திலேயே பள்ளிக்கூடம். ரயிலேறும்போது அவள் அழவில்லை. "பூ முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போவியாப்பா?" என்று மட்டும் கேட்டாள். பூ முடிந்தது. போனேன். அங்கே அவள் கன்னம் உப்பி, ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவளை மறுபடி மேல கொண்டுபோய்க் கொல்லாதே தம்பி" என்றாள். விட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அவள் மலைக்கு வந்தது புத்தாண்டுக்கு மட்டும். அப்போது தொட்டிகள் கவிழ்த்து வைத்திருக்கும். அதனால் கொட்டகையில் நாங்கள் என்ன செய்கிறோம் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

தாய்ச்சுங்குக்குப் பக்கத்து ஊரான சாங்ஹுவாவில் ஒரு குடும்பத்தில் அவளைக் கொடுத்தோம். மருமகன் யுங்-செங் ஒரு பட்டறையில் கடைசல் வேலை பார்ப்பவர், நல்ல மனிதர். கல்யாணமான வருடம் முதல் பொட்டலம் கட்ட உட்கார்ந்தேன். வீட்டுத் தட்டிலிருந்து அள்ளி வைத்தேன், சீட்டையும் எழுதினேன். ஷியூ-லுவான் எட்டிப் பார்த்தாள்.

"இதையா அனுப்பப் போற?"

"நாம சாப்பிடுறதுதானே. நல்ல பூ."

"நமக்குத் தெரியும் நல்ல பூன்னு. பொட்டலத்தைப் பிரிக்கப்போறது யாரு? அவ மாமியாரு. விக்காம நின்னதைக் கட்டி அனுப்பிட்டாங்கன்னு நினைக்கமாட்டாங்க? கட்டிக்கொடுத்த மொத வருஷமே நம்ம புள்ள தலை குனியணுமா?"

அவள் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. சம்பந்தி வீட்டுக்குப் போகிற பண்டம் கண்ணுக்கு நிறைவாக இருக்க வேண்டும். பழுப்பைக் கொட்டிவிட்டு, அந்த வருடத்தின் முதல் பறிப்பிலிருந்து ஒரே நீளமாகப் பொறுக்கி, தங்க நிறத்தில் ஒன்றரைக் கிலோ கட்டினேன். சீட்டை மாற்றவில்லை. வீட்டுப் பூவுக்கு எழுதிய சீட்டு, தொட்டிப் பூவோடு போனது. ஆறு வருடம் அப்படித்தான் போனது.

ஊறவைத்த தண்ணீரைக் கொட்டியிருந்தால் பொடியில் பெரும்பகுதி அதோடு போயிருக்கும். அது எனக்குத் தெரியும். ஓட்டலுக்கு வாங்குகிறவர்கள் இரண்டு தடவை தண்ணீர் மாற்றுவார்கள். நான்தான் கொட்டாதே என்று எழுதினேன்.

ஆறாம் வருடம் அக்டோபரில் பெய்-சுன் போன் செய்தாள். மதியச் சாப்பாடு முடிந்து கொட்டகை வாசலில் இருந்தேன். வியாபாரி மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"அப்பா, ஆஸ்பத்திரியில மூணு நாள் இருந்துட்டு வந்தேன். பயப்படாதே, இப்ப நல்லா இருக்கேன்."

"என்னம்மா ஆச்சு?"

"பழைய இழுப்புதான். ஆனா இந்தத் தடவை ரொம்ப மோசம். டாக்டர் புதுசா ஒண்ணு சொன்னாருப்பா. சாப்பாட்டு சாமான் நிறம் மாறாம இருக்க ஒரு கந்தகப் பொடி போடுவாங்களாம். காஞ்ச பழம், இறால், திராட்சை மது, எல்லாத்துலயும் இருக்குமாம். பல பேருக்கு ஒண்ணும் பண்ணாதாம். என் மாதிரி ஆளுங்களுக்கு நெஞ்சை அடைச்சுடுமாம். அந்த ஆவியை மோந்தாக்கூட இழுக்குமாம். ஒரு பட்டியல் குடுத்திருக்காரு."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"அத்தையும் அவரும் பக்கத்துலதான் இருக்காங்க, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். வீட்டுல இருக்கிறது ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்து எறிஞ்சிட்டு இருக்கோம். காஞ்ச பூவும் பட்டியல்ல இருக்கு. அதான் கேக்குறேன். நம்ம பூவுல அப்படி ஏதாவது போடுறோமாப்பா?"

சம்பந்தி அம்மாள் குறுக்கே பேசினார். "ஐயோ, சம்பந்திகிட்ட போய் இதைக் கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டர் சொன்னாரேன்னு கேக்குறா."

வியாபாரி மூட்டையைத் தோளில் வைத்தபடி என்னைப் பார்த்தான். தங்கள் தெருவில் பாதி வீடு என் பூவை வாங்கிச் சாப்பிடுகிறது என்று சம்பந்தி அம்மாள் பெருமையாகச் சொல்வார். இவ்வளவையும் நான் நினைத்துப் பார்த்துத்தான் பொய் சொன்னேன் என்றால் அது பொய். நான் எதையும் நினைக்கவில்லை. வாய் திறந்தது, அது வந்தது.

"நம்ம பூவுக்கா? வெயிலும் காத்தும்தான்."

"எனக்குத் தெரியும்பா," என்றாள். அவள் மூச்சு விடுவது கேட்டது. "அப்பாடா. இதையும் விடச் சொல்லிடுவாங்களோன்னு பயந்தேன். இனிமே நம்பிச் சாப்பிட இது ஒண்ணுதான் எனக்கு."

வண்டி போன பிறகு அன்றைய தொட்டியைத் திறந்தேன். நெடி மூக்கில் ஏறியது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்கு வயது, ஐந்து வயது, ஆறு வயது. ஒவ்வொரு வருடமும் எந்த நாளில் அவளுக்கு இழுப்பு ஆரம்பித்தது என்று நினைத்துப் பார்த்தேன். எல்லாம் தொட்டி திறந்த நாட்கள். பனி என்று சொல்லிக்கொண்டு, என் பிள்ளையை என் வீட்டிலிருந்து நானே துரத்தியிருக்கிறேன்.

உடனே போனை எடுத்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வரி. எனக்கு வேறு யோசனை வந்தது. சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன்.

வீட்டுத் தட்டில் இருந்ததை முழுக்க அள்ளிப் பொட்டலம் கட்டினேன். ஷியூ-லுவான் பார்த்துக்கொண்டிருந்தாள், இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. புதிய சீட்டு எழுதினேன். நான்கு வரிகளுக்கு மேலே இன்னும் இரண்டு சேர்த்தேன். இந்த வருடம் மழையால் பூ பழுப்பாகிவிட்டது, பார்த்துப் பயப்படாதே, நல்ல பூ. பழைய பொட்டலத்தில் மிச்சம் இருந்தால் எறிந்துவிடு, ஈரம் பட்டிருக்கும். எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

"ஏன்னு கேட்டா?" என்றாள் ஷியூ-லுவான்.

"ஈரம்னு எழுதியிருக்கேனே."

"உன் பொண்ணு ஒரு பருக்கை கீழ விழுந்தா எடுத்து வாயில போடுறவ. ஈரம்னு சொன்னா எறிவாளா?"

"எறிவா."

"போன்ல சொல்லிடு. நிஜத்தைச் சொல்லிடு, மனுஷா."

"பொட்டலம் போய்ச் சேரட்டும். அதுக்கப்புறம் பாத்துக்கலாம்."

பொட்டலம் நான்காம் நாள் போய்ச் சேர்ந்தது. ஒரு சனிக்கிழமை காலை போன் வந்தது. அன்று வாசல் நிறைய பூப் பார்க்க வந்தவர்கள் நின்றார்கள். ஹுவோ-து அவர்களிடம் வெயிலைப் பாட்டிலில் பிடித்துத் தருகிற கதையை அளந்துகொண்டிருந்தான்.

"அப்பா, பூ வந்துடுச்சு. என்னப்பா இது, மலை மண்ணையே கட்டி அனுப்பிட்டியா?" என்று சிரித்தாள். கொஞ்சம் இருமினாள்.

"பாக்கத்தான் அப்படி. பழசை எறிஞ்சிட்டியா?"

"ரெண்டு பிடி இருக்கு. அதை ஏன்பா எறியணும்? தங்கம் மாதிரி இருக்கு."

"ஈரம் பட்டிருக்கும். எறிஞ்சிடு."

"ஈரமே இல்லப்பா. டப்பாவுல அடைச்சுதான் வெச்சிருக்கேன், மொறுமொறுன்னு இருக்கு."

"சொன்னா கேளு. இப்பவே எறி. நான் லைன்லயே இருக்கேன்."

அவள் சிரிப்பதை நிறுத்தினாள். "ஏம்பா? அதுல ஏதாவது இருக்கா?"

இதுதான் அந்த இடம். பல நாட்கள் யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு இடமே இல்லை. அவளே கேட்டாள். வாயைத் திறந்து ஆமாம் என்றால் போதும். முந்தின வாரம் அவள் வீட்டார் எல்லோரும் கேட்க நான் சொன்ன பதில் குறுக்கே நின்றது. ஆமாம் என்றால், அன்றைக்குச் சொன்னது என்ன என்று அவள் கேட்பாள். ஏழு வயதில் ஏன் என்னைக் கொண்டுபோய் விட்டாய் என்றும் ஒரு நாள் கேட்பாள்.

"ஒண்ணுமில்ல. பழசுன்னுதான் சொன்னேன்."

"சரிப்பா, சரி. எறிஞ்சிடுறேன், போதுமா? நீ கோவப்படாதே," என்றாள்.

அவள் எறியமாட்டாள் என்பது அவள் குரலிலேயே எனக்குத் தெரிந்தது. என்னைச் சமாதானப்படுத்த அப்படிச் சொன்னாள். அது என்னிடமிருந்து அவளுக்கு வந்த குணம்தான். நான் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. மருமகன் காலை ஷிஃப்டுக்குப் போயிருந்தார், சம்பந்தி அம்மாள் சந்தைக்குப் போயிருந்தார். பெய்-சுன் விலா எலும்பு வாங்கி வந்து சூப் வைத்தாள். சீட்டில் இருந்தபடியே செய்தாள். ஊறவைத்தாள், முடிச்சுப் போட்டாள், தண்ணீரைக் கொட்டவில்லை, மூடி போட்டாள். மூடியைத் திறந்து ஆவி முகத்தில் அடித்தபோதா, ஒரு கிண்ணம் குடித்த பிறகா என்று யாருக்கும் தெரியாது. மேசையில் பாதிக் கிண்ணம் இருந்ததாம். மூச்சு மருந்துக் குழல் படுக்கையறைப் பையில் இருந்தது. அவள் அதுவரை போகவில்லை. கூடத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். சம்பந்தி அம்மாள் வந்து பார்த்து, வண்டி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. முப்பத்தொரு வயது.

இழுப்பு என்றார் டாக்டர். ஒத்துக்கொள்ளாதது எதையாவது சாப்பிட்டாரா என்று கேட்டிருக்கிறார். இல்லை, பட்டியல் பார்த்து எல்லாவற்றையும் எறிந்துவிட்டோம், அவள் அப்பா வீட்டுப் பூதான் சாப்பிட்டாள் என்று யுங்-செங் சொல்லியிருக்கிறார்.

எங்கள் வழக்கப்படி பிள்ளையின் சவப்பெட்டிக்குப் பின்னால் பெற்றவர்கள் நடக்கக் கூடாது. அதனால் எடுத்த அன்று நாங்கள் மலையிலேயே இருந்தோம். ஏழாம் நாள் சடங்குக்குத்தான் போனோம். ரயிலில் ஷியூ-லுவான் என் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர் இருக்கையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சாங்ஹுவா நெருங்கும்போது மட்டும் பேசினாள்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன்."

"எப்ப?"

"சடங்கு முடியட்டும்."

அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கூடத்தில் மேசை போட்டு, அவள் படத்தை வைத்து, சாமந்தி அடுக்கியிருந்தார்கள். புத்தாண்டுக்கு எங்கள் வீட்டு வாசலில் நின்று எடுத்த படம். பெற்றவர்கள் பிள்ளையைக் கும்பிடுவதில்லை, அதனால் நாங்கள் ஓரமாக உட்கார்ந்தோம். யுங்-செங் தேநீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தார். ஒரு வாரத்தில் அவர் தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது.

"எறிஞ்சிடுறேன்னு உங்ககிட்ட சொன்னாளாமே, மாமா. எறியல. அப்பா ஒவ்வொரு மொட்டா கிள்ளினது, எறிய மனசு வரலன்னா. பழசை முடிச்சிட்டுதான் புதுசைத் தொடுவேன்னா." அவர் சமையலறைப் பக்கம் கை காட்டினார். "புதுசு பிரிக்காமலே இருக்கு. கடைசியா வாயில வெச்சது உங்க கையால வந்ததாச்சும் இருந்துச்சே."

நான் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

சம்பந்தி அம்மாள் தட்டுகளைக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைக்க ஆரம்பித்தார். சடங்குச் சாப்பாட்டில் மாமிசம் கிடையாது. சோறு, காளான், தோஃபு, கீரை. கடைசியாக ஒரு மூடிபோட்ட கிண்ணம். மூடியைத் திறந்தார். தங்க நிறத்தில், முடிச்சுப் போட்டு.

"உங்க பூதான்," என்றார் எங்களைப் பார்த்து. "டப்பாவுல ஒரு பிடி மிச்சம் இருந்துச்சு. அவ வைக்கிற மாதிரியே வெச்சேன். ஊறவெச்ச தண்ணியைக்கூட கொட்டல. சாப்பிடும்மா பெய்-சுன், உனக்குப் புடிச்சது."

கிண்ணத்தின் ஆவி அவள் படத்தின் முகத்துக்கு நேராக எழுந்தது.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. கும்பிடுகிறவர்களைத் தள்ளிக்கொண்டு போய் அந்தக் கிண்ணத்தை எடுத்துவிட்டேன். கை சுட்டது. சூப் சட்டையில் கொட்டியது.

"அவளுக்கு இதை வைக்காதீங்க."

"சம்பந்தி! என்ன பண்றீங்க?"

"இதுல இருக்கு. டாக்டர் சொன்ன பொடி இதுல இருக்கு. நான்தான் போட்டேன். ஆறு வருஷமா அனுப்பினது எல்லாத்துலயும் இருந்துச்சு."

மணியடித்துக்கொண்டிருந்த பூசாரி நிறுத்திவிட்டார். யுங்-செங் என் கையிலிருந்த கிண்ணத்தையே பார்த்தார்.

"அன்னைக்கு போன்ல கேட்டாளே மாமா," என்றார். சத்தமே இல்லாமல் கேட்டார். "நானும் கேட்டுட்டுதானே இருந்தேன்."

"ஆமா."

"வெயிலும் காத்தும்னு சொன்னீங்க."

"ஆமா."

"நீங்க சொன்னதுக்கு அப்புறம்தான் அந்த டப்பாவைக் குப்பையிலிருந்து வெளியே எடுத்தா. எறியறதுக்குன்னு மொதல்லயே அதுல போட்டு வெச்சிருந்தா. உங்ககிட்ட கேட்டுட்டு, துடைச்சு, திரும்ப அலமாரியில வெச்சா."

இது எனக்குத் தெரியாது. அவர் சொல்லித்தான் தெரிந்தது.

சம்பந்தி அம்மாள் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். அவர் ஈரத்துணி கொண்டுவந்து தரையைத் துடைத்தார். பிறகு மேசையைப் பார்த்தார், கிண்ணம் இருந்த இடம் காலியாக இருந்தது. உள்ளே போய் நான் கடைசியாக அனுப்பிய பொட்டலத்தை எடுத்துவந்தார். கயிறு போட்டது போட்டபடி இருந்தது.

"இது?"

"இது வீட்டுத் தட்டுப் பூ. நாங்க சாப்பிடுறது. இதுல ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லைன்னா?"

என் வாயில் வேறு சொல் இல்லை. "வெயிலும் காத்தும்தான்," என்றேன்.

அவர் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஷியூ-லுவான் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நிஜமா," என்றேன். "ஊறவையுங்க. அந்தத் தண்ணியை உங்க கண்ணு முன்னால நானே குடிச்சுக் காட்டுறேன்."

யுங்-செங் அம்மாவின் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கி, என் மடியில் வைத்தார். கோபமாக வைக்கவில்லை.

"நீங்க அந்தத் தங்கப் பூத் தண்ணியைக் குடிச்சாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது மாமா," என்றார். "அவளுக்குத்தான் ஆகும்."

அந்த இடத்தில் வெறும் சோறு இன்னொரு கிண்ணம் வைத்தார்கள். பூசாரி மறுபடி மணியடித்தார். சடங்கு முடியும்வரை நான் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புறப்படும்போது யாரும் வாசல்வரை வரவில்லை.

ரயிலில் பொட்டலத்தைப் பிரித்தேன். பூவுக்கு மேலே சீட்டு இருந்தது, மடித்தது மடித்தபடி. இரண்டு புதிய வரிகள், நான்கு பழைய வரிகள். ஷியூ-லுவான் எதிரிலிருந்து கையை நீட்டினாள். கொடுத்தேன். அவள் முதலிலிருந்து கடைசிவரை படித்தாள், எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் படிப்பாள். படித்துவிட்டுத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று.

இல்லை.